கூண்டில் வைத்த கை

கையை உள்ளே விட்டுவிட்டால் பிறகு அசைக்கக் கூடாது, இந்த வேலையில் கஷ்டம் என்றால் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் தானாகப் பழகிவிடும் என்று புதிதாக வருகிற மாணவிகளிடம் சலோமி சொல்வது வழக்கம். இன்றைக்கு அதையே தனக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். கண்ணாடிக் கதவைச் சாத்தி, ஸ்டூலை இழுத்துப் போட்டு, இடது கையின் வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கூண்டின் துணிக்குழாய்க்குள் கையை முழங்கை வரை நுழைத்தாள். கூண்டு பெரிதாக ஒன்றுமில்லை. பழைய டிவிப் பெட்டி அளவுக்கு ஒரு கம்பிச் சட்டம், சுற்றிலும் வெள்ளை வலை, கையை விடுவதற்கு ஒரு பக்கம் மட்டும் துணியில் தைத்த குழாய். உள்ளே ஏடிஸ் கொசுக்கள். கறுப்பு உடம்பில் வெள்ளை வரி போட்டவை, பகலில் கடிப்பவை, டெங்குக் காய்ச்சல் என்றதும் சுவரொட்டியில் படம் போடுவார்களே, அதே இனம். ஆனால் இவை ஒரு பாவமும் அறியாதவை. பாளையங்கோட்டைக்கு வெளியே இந்தக் கல்லூரியின் பின்கட்டில், ஈரச் சாக்கு தொங்கும் இந்த வெக்கை அறையிலேயே முட்டையில் இருந்து வந்து, தட்டுத் தண்ணீரில் புழுவாக நெளிந்து, நாய் பிஸ்கட் பொடியைத் தின்று வளர்ந்து, ஒரு சாக்கடையைக்கூடக் கண்டிராதவை. வேம்பிலிருந்து எடுத்த ஒரு தைலம் கொசுவை விரட்டுமா என்று வேதமாணிக்கம் சார் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்குக் கொசு வேண்டும், கொசுவுக்கு முட்டை வேண்டும், முட்டை வேண்டுமென்றால் பெண் கொசுவுக்கு ரத்தம் வேண்டும். அந்த ரத்தம் சலோமியுடையது. இந்தக் கூண்டில் இருப்பவற்றின் அம்மாவும், அம்மாவின் அம்மாவும், அதற்கு முந்தினவையும் இந்தக் கையில் குடித்தவைதான். முதலில் எல்லாம் கை முழுக்கத் தடித்துச் சிவந்து, இரவெல்லாம் சொறிந்துகொண்டு கிடந்தாள். பிறகு தடிப்பு குறைந்தது, பிறகு அரிப்பு நின்றது. உடம்பு சண்டை போடுவதை விட்டுவிட்டது. அப்படி எதற்குத்தான் விட்டுக்கொடுக்கத் தெரிகிறது பார் இந்த உடம்புக்கு என்று ஒருமுறை நினைத்தாள், நினைத்தவுடன் வேறு எதையோ யோசிக்கத் தொடங்கினாள்.

அவை வந்தன. எப்போதும் வரும்தான், ஆனால் ஒன்றிரண்டாக வரும், வலையில் ஒட்டியிருப்பவை மூச்சு வாசனை பட்டுச் சிறகை அசைக்கும், கொஞ்சம் சுற்றும், ஒன்று இறங்கி நடந்து பார்த்து எழும்பும், மெதுவாகத்தான் கூட்டம் சேரும். இன்றைக்கு அப்படி இல்லை. கை உள்ளே போவதற்குள் நான்கு பக்கத்து வலையிலிருந்தும் ஒன்றாகக் கிளம்பின. மணிக்கட்டில், முழங்கை மடிப்பில், விரலிடுக்கில் இடம் பிடித்து, இடம் கிடைக்காதவை உட்கார்ந்தவற்றின் முதுகில் கால் வைத்து இறங்கின. தோலே தெரியவில்லை. சலோமி மூச்சை அடக்கிக்கொண்டாள். இது ஒன்றுமில்லை. ஆயிரம் காரணம் இருக்கும், வேர்வை, புதுச் சோப்பு, சித்திரை வெயில். ஆனால் அவள் அடக்கின மூச்சு ஓர் அளவுக்கு மேல் நிற்கவில்லை, வலைக்குப் பக்கத்தில் நீளமாக வெளியே வந்தது, வந்ததும் மிச்சமிருந்தவையும் எழும்பின, அப்போது அந்தப் பழைய கட்டுரை ஞாபகத்துக்கு வந்தது. வந்தது என்ன, காலையில் இருந்தே அது அவள் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தது. ஆப்பிரிக்காவில் எங்கோ நடந்த ஆய்வு. ஒரு வரிசைக் குடிசையில் கர்ப்பமான பெண்களைப் படுக்க வைத்தார்கள், இன்னொரு வரிசையில் மற்றப் பெண்களை. காலையில் எண்ணிப் பார்த்தால் கர்ப்பிணிகள் பக்கம்தான் கொசு அதிகம். அவர்கள் விடும் மூச்சு அதிகம், வயிற்றுச் சூடும் கொஞ்சம் அதிகம் என்று காரணம் எழுதியிருந்தார்கள். அதை மாணவிகளுக்கு வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாள், டாக்டரம்மாவுக்கு முன்னால் கொசுவுக்குத் தெரிந்துவிடும் என்று. அந்தப் பிள்ளைகளும் சிரித்திருக்கிறார்கள். அது வேறு இனம், மலேரியாக் கொசு, ராத்திரிக் கொசு. இது ஏடிஸ். அந்த நாடு வேறு. ஆனால் மூச்சு மூச்சுதானே, சூடு சூடுதானே. இல்லை, அப்படி எல்லாம் யோசிக்கக் கூடாது, கையை அசைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நாள் தள்ளிப் போயிருந்தது. அதைக்கூட அவள் இந்த வார்த்தைகளில் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. வெயிலுக்குத் தள்ளும், அலைச்சலுக்குத் தள்ளும், யாருக்குத் தள்ளவில்லை. அவள் கணவன் ரூபன் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். மாதாமாதம் அவள் கேட்காமலே மருந்துக்கடையில் நாப்கின் வாங்கி, நியூஸ்பேப்பரில் சுற்றின பொட்டலத்தை பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவான். இந்த மாதமும் வைத்தான். அது பிரிக்காமலே கிடக்கிறது. நேற்று ஞாயிறு ஆராதனைக்குப் புறப்படும்போது அவன் சட்டை எடுக்கக் குனிந்தான், அப்போது அதைப் பார்த்தான், பார்த்ததை அவளும் பார்த்தாள், அவன் சட்டையை உதறி மாட்டிக்கொண்டு, கோயிலுக்கு நேரமாயிட்டு என்று மட்டும் சொன்னான். அவனும் பயப்படுகிறான். முதல் தடவை அவள் கர்ப்பமானபோது அவன்தான் எல்லாரிடமும் சொன்னவன். அவன் அம்மாவிடம், அம்மா தன் ஜெபக்கூட்டத்தில், ஜெபக்கூட்டத்துப் பெண்கள் சபை முழுக்க. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாரோ ஒருத்தியின் வீட்டு முன்னறையில் சலோமியின் பேரைச் சொல்லி, அவள் கர்ப்பத்தின் கனியைச் சொல்லி, கண்ணை மூடி ஜெபித்தார்கள். அவளும் நடுவில் உட்கார்ந்து ஆமென் சொன்னாள். ஸ்கேன் அறையில் அந்தப் பெண் டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாளே, அந்தப் பேசாமல் இருந்த நேரம்தான் சலோமிக்கு இன்னும் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. வயிற்றில் தடவின அந்தக் குளிர்ந்த பசை, துடைத்துக்கோங்க என்று கொடுத்த டிஷ்யூ. அதே பெண்கள் பிறகு வாழைப்பழத்தோடும் ஹார்லிக்ஸோடும் வந்தார்கள். கர்த்தருடைய சித்தம் என்றார்கள். ஜெபித்த அதே குரலில் ஆறுதலும் சொன்னார்கள். அப்போது அவள் முடிவு செய்தாள், இனிமேல் யாருடைய வாயிலும் தன் வயிறு போய் விழக் கூடாது. இரண்டாவது தடவை ரூபனைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததால் மட்டும் தங்கிவிட்டதா? இந்தக் கட்டடத்தின் கோடியில் இருக்கிற பாத்ரூமில்தான் போயிற்று. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கூண்டுக்கெல்லாம் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். மாமியாருக்குப் பிறகு எப்படியோ தெரிந்துவிட்டது. சத்தம் போடவில்லை, சோறு போட்டுக்கொண்டே, உடம்பு ரத்தத்தை எல்லாம் கொசுவுக்குக் கொடுத்துட்டு வந்தா உள்ளே இருக்கது எதைக் குடிக்கும் என்று கேட்டாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்னார். சலோமிக்கே தெரியும், ஒரு கொசு குடிப்பது ஒரு துளியில் எத்தனையோ பங்கு, இந்தக் கூண்டு மொத்தமும் குடித்தாலும் ஒரு ஸ்பூன் வராது. தெரியும். ஆனாலும் சோற்றுத்தட்டின் முன்னால் கேட்ட கேள்வி இதெல்லாம் தெரிந்திருப்பதால் அடங்கிவிடுவதில்லை, பல்லிடுக்கு நார்போல அங்கேயே நிற்கிறது. அது நிற்பதால்தானோ என்னவோ, வேண்டாமென்றால் உன்னிடம் வேலை கற்ற பேச்சியை வைக்கச் சொல்கிறேனம்மா என்று சார் சொன்னபோது, என் கைதான் சார் பழகியிருக்கு என்று வீம்பாகச் சொல்லிவிட்டாள். கர்ப்பமான பெண்கள் கை வைக்கக் கூடாது என்பது சாரின் விதி. அவள் அப்போது கர்ப்பிணி இல்லை. இப்போது? இப்போது அவள் கை உள்ளே இருக்கிறது.

பார்வையை ஒரே ஒரு கொசுவில் நிறுத்தினால் மனசு நிற்கும் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தாள். மணிக்கட்டின் நரம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. பின்னங்கால் இரண்டையும் மேலே தூக்கி வைத்திருந்தது. எல்லாரும் நினைப்பதுபோல ஓர் ஊசியைக் குத்தி உறிஞ்சுவதில்லை அது. வெளியே தெரிவது உறைதான், அது தோலுக்குள் போகாமல் முழங்கால்போல மடிந்து நிற்கும், உறைக்குள்ளிருந்து முடியைவிட மெல்லிய ஆறு ஊசிகள் இறங்கும். இரண்டு ரம்பம்போல அறுத்துப் போகும், இரண்டு தசையை விலக்கிப் பிடிக்கும், ஒன்று எச்சிலை விடும், ஒன்று உறிஞ்சும். உள்ளே போன ஊசி நேராகப் போகாது. வளைந்து வளைந்து, இங்கே இல்லை அங்கே என்று ரத்தக்குழாயைத் தேடும், கிடைக்காவிட்டால் வெளியே எடுத்து வேறு இடத்தில் இறக்கும். எச்சில் பட்டதும் ரத்தம் உறையாது, குத்தின இடம் மரத்துப்போகும், எவனுக்கும் தெரியாமல் குடித்துவிட்டுப் போகலாம். தெரியாமல். அதுதான். உள்ளே என்னென்னவோ தேடிக்கொண்டும் அறுத்துக்கொண்டும் இருக்கிறது, மேலே உட்கார்ந்திருப்பவளுக்கு ஒன்றும் தெரிவதில்லை, அந்த இரண்டு தடவையும் அவளுக்கு என்ன தெரிந்தது, ஒரு நாள் சாயங்காலம் பூண்டு உரித்துக்கொண்டு பாட்டுகூடப் பாடினாளே, அதற்கு முந்தின நாளே உள்ளே துடிப்பு நின்றிருக்கிறது. அந்தக் கொசுவின் வயிறு சிவக்கத் தொடங்கியது. முதலில் ஒரு கோடு, பிறகு மாதுளை முத்துபோல. குடிக்கும்போதே பின்பக்கம் ஒரு தெளிந்த சொட்டை விட்டது, தண்ணீரைக் கழித்துவிட்டு ரத்தத்தின் சத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. இது பசிக்குக் குடிப்பதில்லை. பசிக்கு இதற்குச் சர்க்கரைத் தண்ணீர் போதும், ஆண் கொசு ஆயுசு முழுக்க அதைக் குடித்துத்தான் வாழ்கிறது. ரத்தம் முட்டைக்கு மட்டும். இன்னும் இரண்டு மூன்று நாளில் ஈரத்தாளில் மிளகுப்பொடி தூவினதுபோல முட்டை வைக்கும், ஒவ்வொன்றும் நூறு வைக்கும், ஒன்றுகூடத் தவறாது. கொசுவைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் உலகத்தில் ஒருத்திதான் இருப்பாள், அது இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது. இப்போதே கையை எடுத்துவிடலாம். எடுத்தால் பாதி குடித்தவை பாதி முட்டைதான் வைக்கும், சாரின் சோதனைக்குக் கொசு போதாது. அது ஒரு பெரிய விஷயமா? அது இல்லை. எடுத்தால் வெளி அறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கிற பேச்சி, என்னக்கா அதுக்குள்ள என்று கேட்பாள். கேட்டால் ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் அது உண்டாகிவிடும். உண்டானதுதானே போகிறது. சொல்லாதவரைக்கும் அது தள்ளிப்போன நாள், வெயில், அலைச்சல். எடுக்காவிட்டாலோ, கை உள்ளே இருக்கும்வரைக்கும், அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறாள் என்று ஆகும். நாளைக்கு ஏதாவது ஆனால், சோற்றுத்தட்டின் முன்னால் கேட்ட கேள்விக்கு அவளிடம் பதில் இருக்காது.

இடுப்பில் ஏதோ பட்டது. வெக்கைக்கு வெள்ளைக் கோட்டின் பட்டனைத் திறந்துவிட்டிருந்தாள். குனிந்து பார்த்தாள். புடவைக் கொசுவத்துக்குச் சற்று மேலே, வயிற்றின் வெறும் தோலில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. கூண்டுக்குள் இல்லை, வெளியே. கையை நுழைக்கும்போது துணிக்குழாய் வழியாகத் தப்பினதா? அப்படி ஒன்றிரண்டு தப்புவதுண்டு. அல்லது கதவைத் திறந்தபோது வெளியிலிருந்து வந்ததா? கட்டடத்துக்குப் பின்னால் ஹாஸ்டல் சாக்கடை, அதற்கு அப்பால் தெரு, அந்தத் தெருவில் போன வாரம்தான் இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கு என்று மருந்துப் புகை அடித்துவிட்டுப் போனார்கள். உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் பார்க்க ஒன்றுதான், அதே கறுப்பு, அதே வெள்ளை வரி. யார் வீட்டுப் பிள்ளையின் காய்ச்சலைக் குடித்துவிட்டு வந்ததோ. அறைக்குள் தனியாகத் திரிகிற கொசுவை உயிரோடு விடக் கூடாது என்பது இன்னொரு விதி, அவளே நூறு தடவை அடித்திருக்கிறாள், கன்னத்தில், தொடையில், பக்கத்தில் நிற்பவள் முதுகில். வலது கை தானாக மேலே போயிற்று. உள்ளங்கை விரிந்தது. கொசு காலை ஊன்றிக்கொண்டு தலையைத் தாழ்த்தியது, உறை மடியத் தொடங்கியது. அடி. இப்போது அடித்தால்தான் கிடைக்கும், குத்தியிருக்கும்போது அதனால் சட்டென்று எழும்ப முடியாது. அடி. கை அங்கேயே நின்றது. சலோமி அந்தக் கையைப் பார்த்தாள், யாரோ ஒருத்தியுடைய கைபோல இருந்தது. அவளால் அந்த வயிற்றில் அடிக்க முடியவில்லை. மெல்லத்தான் அடிக்கப் போகிறாள், ஒரு கொசு சாகிற அளவுக்கு, அதனால் உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பதற்கு என்று நினைத்துவிட்டாள், அந்த வார்த்தை வந்துவிட்டது, இனி அதைத் திருப்பி அனுப்ப முடியாது. விரல் நுனியால் தோலைச் சுண்டினாள். கொசு எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் அதே இடத்துக்குத் தாழ்ந்து வந்தது. சலோமி கூண்டிலிருந்து இடது கையை வெடுக்கென்று உருவினாள். கையோடு வந்தவை வலைக்கும் துணிக்குமாகச் சிதறின, சில வெளியேகூட வந்திருக்கலாம், அவள் பார்க்கவில்லை. துணிக்குழாயை முடிச்சுப் போடக்கூடத் தோன்றாமல் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டு எழுந்து நின்றாள். ஸ்டூல் சாய்ந்து விழுந்தது.

சத்தம் கேட்டுப் பேச்சி ஈரக் கையோடு ஓடி வந்தாள். இருபத்தைந்து வயசிருக்கும், மேலப்பாளையம் பக்கம், சலோமியிடம்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டவள். வந்தவள் முதலில் துணிக்குழாயை முறுக்கி முடிச்சுப் போட்டாள், பிறகு காற்றில் சுற்றினதை இரண்டு கைக்கும் நடுவில் தட்டி எடுத்தாள், உள்ளங்கையை விரித்துப் பார்த்து, ரத்தம் இல்லை, ஒன்றும் குடிக்கவில்லை என்றாள். வெளிக் கொசுவா உள் கொசுவா என்று சலோமி கேட்டாள். நசுங்கினதில் அது தெரியவில்லை. மயக்கமா வருதா, தண்ணி தரட்டா என்று பேச்சி கேட்டதற்குச் சலோமி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்றா வேண்டும் என்றா அவளுக்கே புரியவில்லை. கடைசியில் வாயைத் திறந்து, இன்றைக்கு என் கையில் என்னமோ ஒரேயடியாக வந்து அப்பிவிட்டது, எப்போதும் இப்படி வந்ததில்லை என்றாள். சொன்ன விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். பேச்சி ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது என் தப்புக்கா. நேத்து ஞாயித்துக்கிழமைல்லா, சர்க்கரைப் பஞ்சை நனைச்சு வைக்க நான் வரணும். வரல. அம்மன் கோயில் கொடை, ஊர்த் திருவிழாவுக்குப் போயிட்டேன். சனிக்கிழமையில இருந்து பட்டினி கெடக்கு, சர்க்கரை கெடைக்காட்டி ரத்தத்துக்குத்தான பாயும்."

சலோமிக்கு உடனே விளங்கவில்லை. பேச்சி தன் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, முடிச்சை அவிழ்த்து, தன் கையை உள்ளே விட்டாள். அதேதான் நடந்தது. நான்கு பக்கத்து வலையிலிருந்தும் மிச்சமிருந்தவை ஒன்றாகக் கிளம்பின, மணிக்கட்டிலும் முழங்கை மடிப்பிலும் இடம் பிடித்தன, ஒன்றின் முதுகில் ஒன்று இறங்கின. பேச்சி கல்யாணம் ஆகாத பெண். பாருங்க, யார் கையை விட்டாலும் இப்படித்தான், சார்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க என்றாள். சலோமி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பசி. வெறும் பசி. அவள் மூச்சில் ஒன்றும் இல்லை, வயிற்றுச் சூட்டில் ஒன்றும் இல்லை, எந்தக் கொசுவும் அவளுக்கு எதையும் சொல்ல வரவில்லை. இத்தனை நேரம் எதைப் பிடித்துக்கொண்டு பயந்தாளோ அது கையிலிருந்து நழுவிப் போயிற்று, அதன்பிறகுதான் தெரிந்தது, பயந்தது மட்டுமில்லை, அதைப் பிடித்துக்கொண்டு நம்பவும் செய்திருக்கிறாள். இடது கையில் பாதிக் கடியின் சின்னச் சின்னப் புள்ளிகள், ஒன்றிரண்டில் ரத்தம் கசிந்திருந்தது. திரும்பவும் உட்கார்ந்துவிடலாம். எல்லாம் பழையபடி ஆகிவிடும். வெயில், அலைச்சல், தள்ளிப்போன நாள். யாருக்கும் எதுவும் சொன்னதாக ஆகாது. பேச்சிக்கும் அதே எண்ணம்தான்போல, கூண்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"எனக்கு எரியுதுக்கா, பழக்கமில்ல. மிச்சத்தை நீங்களே முடிச்சிருதீங்களா?"

"இல்ல பேச்சி. இனிமே கொஞ்ச நாளைக்கு நீதான் வைக்கணும்."

எத்தனை நாளைக்கு என்று பேச்சி கேட்டாள், எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு, சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டாள். சலோமி யோசிக்கவில்லை. எந்த மாதத்தையும் அவள் எண்ணிப் பார்த்ததில்லை, எண்ணக் கூடாது என்றுதான் இத்தனை நாளும் இருந்தாள். ஆனால் பதில் எங்கோ தயாராக உட்கார்ந்திருந்ததுபோல வந்தது.

"கிறிஸ்மஸ் வரைக்கும்."

பேச்சி திரும்பிப் பார்த்தாள். சரிக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு, முகத்தைக் கூண்டின் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை அசைக்காமல் வைத்திருந்தாள்.